மாப்பிள்ளையின் மாவுக்கட்டு நனைந்த விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் சம்பந்தியம்மா அவர்களும் பூரண சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் அனைவரும் சுகம், மாப்பிள்ளையின் இடது காலைத் தவிர. அந்தக் காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீங்கள் நடுவில் "என்னது?" என்று கேட்பீர்கள், நான் தடுமாறிவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. முழுவதும் படித்துவிட்டுத்தான் கோபப்பட முடியும்.

மாப்பிள்ளை மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, எங்கள் வீடோ தரையோடு தரை என்பதால், கட்டுப் பிரிக்கும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று நீங்கள்தான் என் கையில் ஒப்படைத்தீர்கள். நானும் "என் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். என் கண்ணில் புரை இருப்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. கல்யாணமாகி இந்த மூன்று வருடத்தில் மாப்பிள்ளை என்னிடம் பேசியது இரண்டே வாக்கியம்: "நல்லா இருக்கீங்களா மாமா", "சரிங்க மாமா". நான் பேசியதும் இரண்டுதான்: "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை", "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க". அவரோ கணக்குத் தணிக்கை செய்கிறவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் எங்கேயோ ஒரு பிழை கண்டுபிடித்துவிட்டு, மரியாதைக்காகச் சொல்லாமல் இருப்பதுபோல் ஒரு பார்வை. ஆகவே அவர் வந்து இறங்கியதும், பகலெல்லாம் இந்த மனிதரோடு ஒரே வீட்டில் எப்படிப் பொழுதைத் தள்ளுவது என்று எனக்கு ஒரே கவலை. உங்கள் மருமகள் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறாள்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். சலவைக்கடை. லாட்ஜ்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை எல்லாம் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் காய்கின்றன. கொல்லையைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் குளம். காற்றுக்கும் வெயிலுக்கும் குறைவில்லை, பறவைக்கும் குறைவில்லை. அங்கேதான் வினை. மல்பெரிப் பழத்தைத் தின்றுவிட்டு மைனா போடும் எச்சம் இருக்கிறதே, அதை வெள்ளை விரிப்பிலிருந்து எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். ஆகையால் நான் பறவைகளுக்குச் சென்ம விரோதி. கொடிக்குக் கொடி கண்ணாடித் துண்டும் பழைய சிடித் தகடும் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். தகரத்தைத் தட்டி விரட்டுவதற்கென்றே ஒரு கரண்டி தனியாக வைத்திருந்தேன். இந்த நிலையில் மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? பின்வாசலில் நாற்காலியைப் போட்டு, காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, ஒரு மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, என் கொடிகளுக்கு நேர் கீழே பறவைகளுக்கு வைக்கச் சொல்லிவிட்டார். வைத்தது யார் என்கிறீர்கள்? என் மனைவி! மருமகன் கேட்டால் மறுக்க முடியுமா என்கிறாள். நான் நாற்பது வருடமாகக் கேட்பது மட்டும் அவள் காதில் ஏறுவதில்லை. வேறு யாராவது செய்திருந்தால் சட்டி பறந்திருக்கும். மாப்பிள்ளை என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்ல காரியம் மாப்பிள்ளை" என்று சிரித்து வைத்தேன்.

ஒருநாள் காலை, ஈர விரிப்பு ஒன்றை உதறிக் கொடியில் போடப்போகிறேன், பின்னாலிருந்து, "மாமா, அசையாதீங்க!" என்று ஒரு குரல். பாம்பு என்று நினைத்து உறைந்துபோனேன். பாம்பு இல்லை. என் கையிலிருந்த விரிப்பின் ஓரத்தில் சொட்டிய தண்ணீரில் ஒரு தேன்சிட்டு குளித்துக்கொண்டிருந்தது. என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மடிப்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தலையை நனைத்து, சிறகை உதறி, மறுபடி நனைத்து, எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் அவ்வளவு சுத்தமாகக் குளித்து நான் பார்த்ததில்லை. ஆண் சிட்டு. கழுத்தைத் திருப்பினால் ஊதா, இன்னும் கொஞ்சம் திருப்பினால் பச்சை, அப்புறம் கருப்பு. எத்தனையோ சாயம் பார்த்தவன் சம்பந்தி நான், எந்தப் பட்டிலும் அப்படியொரு சாயம் ஏறிப் பார்த்ததில்லை. அத்தனை முக்கியும் ஒரு பொட்டு நிறம் வெளுக்கவில்லை! அது குளித்து முடிக்கும்வரை ஈர விரிப்பைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. அது பறந்தபின், "எப்பிடி மாமா?" என்றார் மாப்பிள்ளை. மூன்றாவது வாக்கியமும் நான்காவது வாக்கியமும் ஒரே நாளில்!

அதற்குப்பின் கரண்டியைச் சமையலறைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் கட்டிய கண்ணாடித் துண்டில் தன் உருவத்தையே எதிராளி என்று நினைத்து அந்த ஆண் சிட்டு மோதி மோதிச் சண்டை போடுவதைப் பார்த்து, பாவம் மூக்கு உடையப்போகிறதே என்று கண்ணாடிகளையும் நானே அவிழ்த்தேன். பெண் சிட்டு அதற்குள் இரண்டாவது கொடியின் நடுவில் கூடு கட்டத் தொடங்கிவிட்டது. சிலந்தி நூலை அலகில் சுருட்டிக்கொண்டு வரும், நாரை வைத்து ஒட்டும், காய்ந்த சருகைத் தொங்கவிடும், உள்ளே மெத்தைக்கு லாட்ஜ் துவாலையிலிருந்து பிசிறை இழுக்கும். இழுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கூட்டு வாசலுக்கு மேலே மழைக்கு ஒரு சன்ஷேடு வேறு! என் வீட்டைக் கட்டிய கொத்தனார் அதை மறந்துவிட்டுப் போனவர். ஆண் சிட்டு ஒரு துரும்பைக்கூடத் தூக்கவில்லை. பக்கத்துக் கம்பத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டே இருந்தது. என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்து, "கட்டறது அவ, கச்சேரி அவருக்கு. இந்தக் குடும்பத்த எங்கயோ பார்த்த மாதிரி இருக்குல்ல?" என்றாள். மாப்பிள்ளை சிரித்தார் பாருங்கள், நாற்காலி ஆடும் அளவுக்கு! அவருக்கு அப்படிச் சிரிக்க வரும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

பிறகு எங்களுக்குக் கொல்லை போதவில்லை. சக்கர நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்து, காலையில் வரப்போரமாக மாப்பிள்ளையைக் குளம்வரை தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தேன். கீரி ஒன்று குட்டிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு பாதையைக் கடக்கும். நாங்கள் வண்டியை நிறுத்தி வழிவிடுவோம். குளத்தில் முக்குளிப்பான் ஒன்று குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு படகுபோல் போனதைப் பார்த்த அன்று, இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்று தள்ளியதில் சக்கரம் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. இழுத்தேன். நானும் இறங்கிவிட்டேன். லாட்ஜ் வேன் டிரைவர் எங்களைத் தேடி வந்து, "ஊர் அழுக்கெல்லாம் வெளுக்கிற ஆளு, இது என்ன கோலம்ணே?" என்று கயிறு போட்டு இழுத்தார். கட்டின்மேல் சேறு படவில்லை, அதற்கு நான் பொறுப்பு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இதுவரை கட்டு பத்திரமாகவே இருந்தது என்பதற்காக.

இரண்டாவது கொடியைக் கூட்டுக்கு விட்டுவிட்டதில் துணி தாமதமாயிற்று. லாட்ஜ் மேனேஜர் நேரிலேயே வந்துவிட்டார். கத்த வாயைத் திறந்தவரை என் மனைவி, "மெதுவா பேசுங்க, முட்டை இருக்கு" என்று அடக்கினாள். அவருக்கும் கூட்டைக் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, "இதுக்கா என் பெட்ஷீட் லேட்டு?" என்றார். பாதி வேலையை வேறு கடைக்கு மாற்றிவிட்டார். எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். ஏனோ அந்த மனிதரை நினைத்துத்தான் வந்தது.

இனி கட்டுக்கு வருகிறேன். குஞ்சு பொரித்து, இரண்டு வாய் மட்டும் வாசலில் தெரிந்துகொண்டிருந்த சமயம். போன செவ்வாய் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காற்று. கூடவே மழை. கொல்லை முழுக்கத் துணி. நான் துணியை எடுக்கத்தான் ஓடினேன், சத்தியம். பார்த்தால், இரண்டாவது கொடியின் கம்பம் அடிமண் இளகிச் சாய்கிறது. கூடு ஊஞ்சல்போல் தலைகீழாகச் சுழல்கிறது. துணியை விட்டுவிட்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். விரிப்பெல்லாம் வயல்பக்கம் பறந்தது. அந்தப் பக்கக் கம்பமும் ஆட ஆரம்பித்தது. எனக்கு இருப்பது இரண்டு கைதானே? அப்போது உங்கள் மகன், கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு, படியிறங்கி, கொட்டுகிற மழையில் நொண்டி நொண்டி வந்து அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, கட்டு! உள்ள போங்க!" என்று கத்தினேன்.

"கட்டு கிடக்குது! கயிறு தொய்யுது, இழுத்துப் பிடிங்க!"

"சம்பந்திக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"யோவ் மாமா! மொதல்ல கம்பத்தப் பிடிய்யா!"

சம்பந்தி, உங்கள் வளர்ப்பைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த "யோவ்" காதில் விழுந்ததும் எனக்குக் கை இரண்டிலும் புதிதாகப் பலம் வந்ததுபோல் இருந்தது. மூன்று வருடமாக என் வீட்டுக்கு ஒரு விருந்தாளிதான் வந்து போய்க்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் மாப்பிள்ளை வந்தார். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் சுரைக்குடுக்கைபோல் ஒரு கூடு. மழை விடும்வரை இருவரும் கம்பத்தை விடவில்லை. என் மனைவி குடையோடு ஓடிவந்து, எந்தப் பைத்தியத்துக்கு முதலில் பிடிப்பது என்று தெரியாமல் கூட்டுக்குப் பிடித்தாள்.

மழை விட்டதும் தாய்ச்சிட்டு ஒரு புழுவோடு வந்தது. இரண்டு வாயும் திறந்தன. நாங்கள் கீழே குனிந்து பார்த்தோம். மாவுக்கட்டு ஊறிப்போய்த் தொங்கியது.

எலும்பு டாக்டர், "கட்டு போட்டது வீட்டுல உக்கார. மழையில கம்பம் நட இல்ல" என்று என்னைத்தான் திட்டினார். எலும்பு நகரவில்லையாம், நல்லவேளை. புதுக்கட்டு போட்டாயிற்று. இன்னும் சில வாரம் இங்கேயே இருக்க வேண்டும். குஞ்சுகள் நேற்றுக் காலை கூட்டைவிட்டுக் கிளம்பின. முதல் குஞ்சு பறந்தது என்பதைவிட விழுந்தது என்பதே சரி. தலையணை உறையில் வந்து ஒட்டிக்கொண்டு, வழுக்கி, திகைத்து, அப்புறம் ஏதோ நினைவு வந்ததுபோல் சிறகை அடித்து மல்பெரிக் கிளைக்குப் போய்விட்டது. இரண்டாவது, வாசலில் தலையை நீட்டி நீட்டி எங்களைத் தவிக்கவிட்டுவிட்டுப் போயிற்று. மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்றார். எனக்கும் அன்றைக்கு ஜலதோஷம்தான்.

நடந்தது நடந்தபடி இதுதான். மறைத்தது ஒன்றுமில்லை. சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பான விசாரிப்புகள். உங்கள் மருமகள் தனியாக எழுதுவாள். தங்கள் குடும்பம் சகல நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மாப்பிள்ளை கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, "யாருக்கு மாமா லெட்டர்?" என்றார். சொன்னேன். ஆள் வெலவெலத்துப்போய்விட்டார். கட்டு குளியலறையில் வழுக்கி விழுந்ததில் நனைந்தது என்று புதன்கிழமையே அம்மாவிடம் ஃபோனில் சொல்லிவிட்டாராம். ஆகவே, மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளவும். குளமும் இல்லை, சேறும் இல்லை, சிட்டும் இல்லை. திருப்பி எழுத எனக்குக் கை வலிக்கிறது, படித்ததும் கிழித்துவிடவும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது சம்பந்தியம்மா எதிரில் எங்கள் குளியலறையைப் பார்த்து, வீடா இது என்று நாலு வார்த்தை பலமாகத் திட்டிவிடுங்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன்.