திருவெண்ணெய்நல்லூர் அண்டாவில் என் பெயர்

கையில் ஒரு பொருளும் இல்லாமல் கடை வைக்கலாம் என்று கண்டுபிடித்தவன் மகா புத்திசாலி. அவனை நம்பி நானும் கடை வைத்தேன் பாருங்கள், நான்தான் வடிகட்டின முட்டாள்.

இணையச் சந்தையில் யாரோ போட்டிருந்த பித்தளை அண்டாவின் படத்தைச் சுட்டேன். விலையைக் கொஞ்சம் ஏற்றினேன். ‘விழுப்புரத்தில் எங்கள் சொந்தப் பட்டறையில் தயாரானது’ என்று கீழே எழுதினேன். (எங்கள் வீட்டில் சுத்தியலே பக்கத்து வீட்டு இரவல்தான்.) ஆர்டர் வந்தால், படத்துக்காரரிடம் வாங்கி நேரே வாடிக்கையாளருக்கு அனுப்பச் சொல்லிவிடுவது. நடுவில் நான் முதலாளி.

முதல் ஆர்டர் திருவெண்ணெய்நல்லூர் கரும்பு விவசாயி ஏழுமலையிடமிருந்து வந்தது. நானும் படத்துக்காரரிடம் ஆர்டர் போட்டேன். முதல் ஆர்டர் வந்த உற்சாகத்தில் திறப்புவிழாத் தள்ளுபடி என்று என் விலையை நன்றாகவே குறைத்தேன். சாயங்காலமே இன்னொரு ஆர்டர்! அதே அண்டா, அனுப்ப வேண்டியதும் அதே ஏழுமலை வீட்டுக்கு.

பூரித்துப்போய் ஏழுமலைக்கு ஃபோன் செய்தேன்.

“ஒண்ணுதாங்க கேட்டேன்” என்றார். “வெள்ளிக்கிழமை தங்கச்சி பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீருங்க. செய்யறவங்ககிட்டயே வாங்கலாம்னுதான் உங்களுத எடுத்தேன். தங்கச்சி மாமியார் முன்னாடி என் மானம் உங்க அண்டாவுலதாங்க இருக்கு.”

உடனே படத்துக்காரரின் கடை எண்ணுக்கு அடித்தேன்.

“சொல்லுங்க சார், திண்டிவனம் பட்டறை.” என் மச்சான் சரவணனின் குரல்!

“டேய், உனக்கு ஏதுடா பட்டறை?”

“மாமா? நீங்களா? பட்டறையெல்லாம் இல்ல மாமா, படம்கூட சுட்டதுதான். விழுப்புரத்துல எவனோ கம்மி வெலைக்குப் போட்டிருந்தான், அவன்கிட்ட ஆர்டர் பண்ணிக்கினு உக்காந்திருக்கேன்.”

“அந்த எவனோ நான்தான்டா!”

(என் அண்டா அவனிடம் இருந்தது. அவன் அண்டா என்னிடம் இருந்தது. உலகத்தில்தான் எங்கும் இல்லை.)

யார் காசில் வாங்குவது என்று சண்டை போட்டே நாள் ஓடியது; வெள்ளிக்கிழமை காலை விழுப்புரம் பாத்திரக்கடை திறக்கும்போதே இருவரும் வாசலில் நின்றோம். இருந்ததில் பெரிய அண்டாவாக எடுத்தோம். “ஜல்தி மாமா, பஸ்சு போயிடும்!” என்று சரவணன் அலற, அண்டாவில் பேர் வெட்டுகிறவர் கருவியும் கையுமாக, “பேரு இன்னாங்க?” என்றார். பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் எந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது? கேட்டால் வாய் பழக்கத்தில் சொல்லிவிடும். சொல்லிவிட்டது. நான் பஸ் கவலையில் இருந்தேன்.

மஞ்சள் நீராட்டுப் பந்தலில் சீர்த்தட்டுகளுக்கு நடுவே அண்டா கம்பீரமாக உட்கார்ந்தது. ஏழுமலை தங்கையின் மாமியார் குனிந்து எழுத்துக்கூட்டினார்.

“கு…ம…ரே…சன். யாரும்மா இது? உனக்கு இன்னொரு அண்ணன் இருக்கறத சொல்லவே இல்ல?”

பந்தலே திரும்பிப் பார்த்தது. ஏழுமலையின் முகம் ஆறிப்போன கேப்பைக் களி மாதிரி இறுகியது.

“செஞ்சவரு பேருன்னு சொல்லிடுங்க மாமா” என்று சரவணன் காதைக் கடித்தான். நல்ல யோசனைதான், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, குமரேசன் நான்தாங்க” என்றேன். குரல் ஆடு கத்துவதுபோல் வந்தது. “பட்டறையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெறும் படத்த வெச்சி யாவாரம் பண்ணேன். காலையிலதான் கடையில வாங்கிக்கினு ஓடியாந்தோம். பேஜாருல என் பேரச் சொல்லிட்டேன். அவரு மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “படத்த வித்தவன் அண்டாவத் தூக்கிக்கினு பஸ்சுல வந்திருக்கான் பாரு!” பந்தல் குலுங்கியது. ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “மொதல்ல அந்தக் கடைய மூடுங்க, அப்புறம் சாப்புடுங்க” என்றார். ஃபோனிலேயே கடையை மூடிவிட்டுத்தான் சாம்பாரில் கை வைத்தேன்.

பெயரை அழிக்க அந்தத் தங்கை வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. இப்போதும் அங்கே விசேஷம் என்றால், “குமரேசனக் கழுவி அடுப்புல ஏத்து” என்றுதான் குரல் கேட்குமாம்.

போன வாரம் ஏழுமலையே கூப்பிட்டார். “ஒரு சேதிங்க. குமரேசனுக்கு அடி புடிச்சிக்கிச்சி.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி பதில் சொன்னாள்: “நல்லா அழுத்தித் தேய்ங்கண்ணா, போயிடும். இங்க நானும் அதத்தான் பண்ணிக்கினு இருக்கேன்.”