ஆகஸ்டில் பனி பார்த்த நீதிபதி

அன்புத் தங்கை ஆர்லீனுக்கு, அண்ணன் எமெட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் நாயும் சுகம். ஜூலையில் நீ வந்து திரும்பும்போது பாலத்து ரோட்டில் காரை மடக்கி, வேகமாகப் போனதற்கு அபராத டிக்கெட் கிழித்தாரே, அந்தப் போலீஸ்காரரும் சுகம். வெர்மான்ட்டில் மாப்பிள்ளையின் முழங்கால் தேவலையா?

நிற்க. பதினெட்டு வருஷமாகத் தேர்தலில் ஜெயித்து இந்த ஊர் ரோடுகளில் பனி தள்ளிவரும் உன் அண்ணனிடமிருந்து வண்டியைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியது எதிர்க்கட்சி இல்லை, நம் கட்சி. எல்லாம் ரோலின் டீச்சவுட்டால் வந்த வினை. ஊர் நீதிபதி அவன். நவம்பர் தேர்தலுக்கும் அவனைத்தான் நிறுத்தியிருந்தோம்; ரோடு பதவிக்கு வழக்கம்போல் என்னை. தன்னோடு பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கிற பௌலிங் ஆடுகிறவர்களின் டிக்கெட்டுகளையெல்லாம் தள்ளுபடி செய்கிறான் என்று பத்திரிகையில் வந்துவிட்டது. அதுகூடப் போகட்டும், என்ன காரணம் எழுதினான் தெரியுமா? 'ரோட்டில் பனி, வண்டி வழுக்கியது.' ஆகஸ்ட் மாதத்தில்! பனி தள்ளுகிறவன் நான். யார் மானம் போயிற்று?

செவ்வாய்க்கிழமை தீயணைப்பு நிலையத்தில் கட்சிக் கூட்டம். ஆளை மாற்று என்று முதலில் கத்தியவன் நான்தான். தலைவி லொரெய்ன் மாநிலச் சட்டத்தைப் படித்தாள்: வேட்பாளர் பெயரை எடுக்க அவர் சாகவேண்டும், இல்லை மாநிலத்தை விட்டுப் போகவேண்டும், இல்லை வேறு பதவிக்கு நிற்கவேண்டும்.

"ரோலின், மொத வழி ஒனக்கு ஒத்துவருமாப்பா?" என்று கேட்டாள்.

"போன வாரந்தான் டாக்டர் பாத்தாரு. கல்லு மாதிரி இருக்கேனாம்."

"அப்ப வெர்மான்ட் போயேன்."

"அங்க யாரு என்னோட பௌலிங் ஆடுவா?"

மிச்சம் மூன்றாவது வழி. லொரெய்ன் என்னைப் பார்த்தாள்.

"எமெட், நீ ஜட்ஜுக்கு நில்லு. ரோலின் ஒன் ரோடு வேலைக்கு நிக்கட்டும். ரெண்டு பேருக்கும் வேற பதவி. முடிஞ்சுபோச்சு."

"எனக்குச் சட்டத்துல ஒரு எழுத்து தெரியாதேம்மா!"

"அவனுக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்!"

பின்னாலிருந்து மாட்டுப்பண்ணை க்ளைடு எழுந்தான். "ஜட்ஜுகிட்ட எப்பவோ ஒருக்கா போறோம், யாரா இருந்தா என்ன? பனி வண்டி தெனம் வரணுமே! இவனுக்கு என்னா தெரியும்?"

"ஆகஸ்ட்லயே பனியப் பாத்தவன்யா நான்," என்றான் ரோலின். "ஜனவரில பாக்கமாட்டனா?"

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த சிரிப்பிலேயே எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள். நானும் சிரித்தேன் ஆர்லீன், அதுதான் வயிற்றெரிச்சல். எதிர்க்கட்சி இங்கே ஆளே நிறுத்துவதில்லை என்பதால் ஜனவரியில் உன் அண்ணன் நீதிபதி. அந்தப் பயல் என் வண்டியில், என் இருக்கையில், என் வெந்நீர்ப் பிளாஸ்க் வைக்கிற ஓட்டையில் கையை விட்டுக்கொண்டு போவான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். என் கோர்ட்டில் சொந்தம், சிநேகிதம், பௌலிங் எதுவும் செல்லாது. பனி என்று எவனாவது வாயைத் திறந்தால், எந்த மாதம் என்று கேட்பேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் வழுக்காமல் விழாமல் பல்லாண்டு நடமாட வேண்டும்.

உன் அண்ணன்,
எமெட்

பி.கு.: அந்த ஜூலை டிக்கெட்டுக்குப் பணம் கட்டித் தொலைத்துவிடாதே. எதையாவது சொல்லி ஜனவரி வரை இழுத்துக்கொண்டு வா. யோசித்துப் பார்த்தால், அன்றைக்குப் பாலத்து ரோட்டில் லேசாகப் பனி இருந்த மாதிரிதான் ஞாபகம்.