அத்தானுக்குச் சுட்ட மஃபின்

எம்.ரெட்டியபட்டி,
கருமாதிக்கு மறுநாள்.

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த மருமகள் சத்யபிரியாவுக்கு, தாய்மாமன் ராஜகுரு எழுதிக்கொள்வது. இங்கே நான், ஆடுகள், உன் அம்மா எல்லோரும் சுகம். வரிசையைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே தாயி, பேனா போன போக்கு. அங்கே நீயும், உன் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும், மாப்பிள்ளை மருதுபாண்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் அய்யனாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நான் சொன்னால் தட்டமாட்டார்.

போனில் சொன்னால் நீ அழுகிறாய். நீ அழுதால் எனக்குக் கதை தடம் மாறுகிறது. அதனால் மஃபின் சுட நீ அனுப்பிய ரப்பர் கிண்ணங்களை ஓசூருக்குத் திருப்பி அனுப்பும் பார்சலுக்குள்ளேயே இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். எழுத்தில் பிழை இருக்காது. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். ஒரு தடவை படித்தவனைவிட எனக்கு இரட்டிப்பு ஞானம்.

முதலில் ஒரு புத்திமதி. நேற்று பேசும்போது நடுவில் மாப்பிள்ளையைத் திட்டினாய். உன்னிடம் இருக்கும் மீதிக் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், காலையில் பார்க்கும்போது எல்லாம் உள்பக்கம் வெளியாகத் திரும்பிக் கிடக்கிறது, ரெண்டு வாரமாக இதே கூத்து, கேட்டால் 'நான் தொடவே இல்லை' என்று சாதிக்கிறார் என்றாய். விட்டுத் தள்ளு தாயி. ஆம்பிளை அடுப்படிக்குள் வருவதே பெரிது. வந்தவரைத் திட்டினால் அப்புறம் வரவே மாட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா, என் அத்தான் கோட்டைச்சாமி போய்ச் சேர்ந்த அன்று நீ வர முடியவில்லை. நிறைமாதக்காரி பஸ்ஸும் ஏறக்கூடாது ரயிலும் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். கருமாதிக்கும் வர முடியாதென்று தெரிந்ததும் என்னிடம் என்ன சொன்னாய்? "மாமா, அப்பா கடைசியா எங்கிட்டக் கேட்டது அந்த மஃபின்தான். எங்கிட்ட இருக்குற கிண்ணங்கள்ல பாதிய அனுப்புறேன், நீங்க சுட்டுப் படைங்க. காக்கா எடுத்துச்சுன்னா அப்பாவுக்கு எம்மேல வருத்தம் இல்லைன்னு நெனச்சுக்கிறேன்." அன்றைக்கே நான் துண்டை இடுப்பில் கட்டிவிட்டேன்.

கூரியர் வந்தபோது ஊரே கூடியது என்று மிகைப்படுத்திச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஒரு நானூறு பேர்தான் இருக்கும். பெட்டியைப் பிரித்தால் செக்கச்செவேலென்று கிண்ணங்கள். அமுக்கினால் அமுங்குகிறது, விட்டால் நிமிர்கிறது. பக்கத்து வீட்டு ராஜபாண்டி எட்டிப் பார்த்து, "என்ன சின்னையா, செருப்ப அடுப்புல ஏத்தப் போறீகளா?" என்றான். "ஏலே, இது சிலிக்கான். தீ இதைத் தின்னாது" என்றேன். உன் அம்மா ஒரு கிண்ணத்தை எடுத்துத் தடவினாள், தடவினாள், தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஏலே ராஜகுரு, இது என்னடா ஆள் காது மாதிரி இருக்கு?"

"ரப்பர் அப்பிடித்தான்க்கா இருக்கும்."

"இல்லடா. கடுக்கன் கழட்டுன காது. அவுக காது இப்பிடித்தான் குளுகுளுன்னு இருக்கும்."

எனக்குப் பயமெல்லாம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு நான் கிண்ணத்தைத் துணி சுற்றித்தான் தூக்கினேன். சுத்தம் முக்கியம் பார்.

ஓவன் இல்லையே என்று நீ கவலைப்பட்டாய். நெல் அவிக்கிற அண்டாவில் மணல் கொட்டி, மேலே தட்டுப் போட்டு மூடினால் அதுதான் ஓவன். வெள்ளைக்காரன் அதற்குக் கண்ணாடிக் கதவு வைத்தான், அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல மணல் வேண்டுமே என்று வண்டியை எடுத்துக்கொண்டு திருச்சுழிக்கே போய்க் குண்டாற்றில் ஒரு வாளி அள்ளி வந்தேன். மாவு கலக்கும்போது உன் அம்மா கேட்டாள்.

"மணலு பூ மாதிரி இருக்கே, ஆத்துல எங்குன அள்ளுன?"

"அத்தானைக் கரைச்ச எடத்துலக்கா. அங்குனதான் நைசா இருந்துச்சு."

உன் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன செய்வேன்? ஆற்றில் தண்ணீரா ஓடுகிறது? அன்றைக்குக் குடத்தில் கொண்டுபோன தண்ணீரை ஊற்றித்தானே சாம்பலைக் கரைத்தோம். மணல் குடித்தது குடித்தபடி அங்கேயே இருந்திருக்கிறது. கொட்டிவிட்டு வேறு அள்ளி வரலாம் என்றால் உன் அம்மாவே, "வேண்டாம், இருக்கட்டும்" என்றாள். அதை ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

மைதா, தயிர், சர்க்கரை, நீ அனுப்பிய எசன்ஸ், முட்டை இல்லாத கணக்கு, எல்லாம் நீ சொன்னபடிதான். கிண்ணத்தைத் தட்டின்மேல் அடுக்கிவிட்டு மாவு ஊற்று என்றாய். அடுக்களை தெரியாதவனுக்குச் சொல்கிற பேச்சு அது என்று கையில் வைத்தே ஊற்றினேன். ஊற்றியதும் கிண்ணம் கள்ளுக் குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சரிந்தது, பிடிக்கப் போனால் மறுபக்கம் சரிந்தது, உன் மாமனின் வேட்டியில் பாதி மஃபின் ஆயிற்று. முக்கால் கிண்ணம்தான் ஊற்ற வேண்டும் என்றாய். கஞ்சத்தனம் எதற்கு என்று விளிம்புவரை ஊற்றினேன்.

அண்டாவை மூடிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மூடி மெல்ல எழுந்தது. அமர்ந்தது. மறுபடி எழுந்தது. ஆவி என்று நீ சொல்வாய், நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் ஆவி தடதடக்கும் தாயி. இது அசந்து தூங்குகிற ஆளின் நெஞ்சு மாதிரி ஏறி இறங்கியது. அப்புறம் மணம் வந்தது. முதலில் எசன்ஸ் மணம். அதற்குப் பின்னால் மூக்குப்பொடி மணம். ராஜபாண்டி சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று தும்மல் தும்மிவிட்டு, "சின்னையா, யாரு அங்க பொடி போடுறது?" என்றான். நம் தெருவில் பொடி போடுகிற ஆள் ஒருவர்தான். அவருக்குத்தான் அடுத்த நாள் கருமாதி. 'தயிர் புளித்தால் அப்படித்தான் மணக்கும், பெரிய ஓட்டல்களில் நான் பார்த்திருக்கிறேன்' என்று அவன் வாயை அடைத்தேன்.

திறந்து பார்த்தால், நான் சொன்ன மாதிரியே தீ கிண்ணத்தைத் தொடவில்லை. சுடுகாட்டில் எத்தனையோ பேருக்கு நின்றிருக்கிறேன். தீ எதையும் விட்டு நான் பார்த்ததில்லை. இதை விட்டுவிட்டது. இறக்கி வைத்த கொஞ்ச நேரத்திலேயே கிண்ணம் சில்லென்று ஆகிவிட்டது. மஃபின்கள் தலை உப்பி, எல்லாத் தலையும் ஒரே பக்கமாக, வடக்கே பார்த்துச் சாய்ந்திருந்தன. "அடுப்பு சரிவா இருக்கும் சின்னையா" என்றான் ராஜபாண்டி. அடுப்பு தெற்கே அல்லவா சரிந்திருக்கிறது! தெற்கு எமன் திசை, அதற்கு முதுகைக் காட்டுவது நல்ல சகுனம் என்று நான் விளக்கினேன்.

கிண்ணத்திலிருந்து எடுக்கத் தெரியாமல் நான் கரண்டியைத் தேடினேன். உன் அம்மா வாங்கி, பெருவிரலால் அடியில் ஒரு அமுக்கு அமுக்கினாள். கிண்ணம் உள்பக்கம் வெளியாகத் திரும்பி, மஃபின் கையில் வந்து விழுந்தது. "போன வருசம் ஓசூர்ல அவுக இப்பிடித்தான் செய்வாக. தின்னு முடிச்சதும் ஒரு அமுக்கு. ஒட்டிக்கிட்டிருக்கிற தூளைக்கூட விடமாட்டாக. கிண்ணத்தை அப்பிடியே திருப்பிப் போட்டுட்டு எந்திரிச்சிருவாக" என்றாள். அத்தான் சட்டையைக்கூடத் திருப்பிப் போட்டுத்தானே காயப்போடுவார். 'வெயிலு உள்பக்கத்தத் தின்னுட்டுப் போகட்டும், ஊரு பாக்குற பக்கம் நமக்கு வேணும்ல' என்பார்.

கருமாதியன்று கொல்லைச் சுவரில் இலை விரித்துச் சோறும் குழம்பும் வைத்து, மேலே மஃபினை வைத்தேன். கா கா என்று கூப்பிட்டேன். வத்தல் காயப்போட்டால் கம்போடு நிற்க வேண்டிய கொல்லை அது. அன்றைக்கு ஒரு காக்கை இல்லை. கருவேல மரம் துடைத்த மாதிரி நின்றது. வானத்தில் ஒரு புள்ளி இல்லை. சர்க்கரை இருந்தும் ஓர் எறும்பு ஏறவில்லை. சுவரொட்டியைத் தின்னும் என் கிடா வந்து முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது. நாய் வந்தது, இலையைப் பார்க்கவில்லை, வடக்கே பார்த்து உட்கார்ந்து வாலை ஆட்டியது. குழம்பு வற்றிச் சோறு காயத் தொடங்கியது. "எங்கடா போனாக?" என்று உன் அம்மா என்னைக் கேட்டாள்.

அப்போதுதான் உன் மாமன் துண்டை உதறித் தோளில் போட்டு ஒரு குரல் கொடுத்தேன் பார்! மல்லாங்கிணற்றுக் காக்கை, நரிக்குடிக் காக்கை எல்லாம் வந்து வானம் கறுத்துவிட்டது. அதில் பெரிய காக்கை ஒன்று, அதற்கு மீசைகூட இருந்தது என்று ராஜபாண்டி சத்தியம் செய்வான், நேராக வந்து மஃபினைக் கவ்விக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் பறந்தது. ஆக, உன் அப்பாவுக்கு உன்மேல் கடுகளவும் வருத்தம் இல்லை. நிம்மதியாகப் பிள்ளையைப் பெற்றெடு.

சுகப்பிரசவம் ஆகி, தாயும் பிள்ளையும் நம் ஊர் மண்ணை மிதித்து, நான் வளர்க்கும் கிடாவைத் தின்று நூறு வருடம் வாழ்க. கிடாவுக்கு இதைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
ராஜகுரு

பின்குறிப்பு: பார்சலை ஒட்டப் போகும்போது உன் அம்மா எல்லாவற்றையும் வாசித்துக் காட்டச் சொன்னாள். காக்கை வந்த இடத்தில் என்னை நிறுத்தி, "அது எந்த ஊரு காக்காடா?" என்றாள். எந்த ஊர்க் காக்கையும் வரவில்லை தாயி. பொழுது சாயும்வரை நின்று பார்த்துவிட்டு இலையை நான்தான் எடுத்தேன். நேற்று நீ போனில் திரும்பத் திரும்பக் கேட்டாய். எனக்கு வேறு சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் உன் அம்மா என்னைத் திட்டவில்லை. "மொதப் பக்கத்தத் திரும்ப வாசி" என்றாள். மாப்பிள்ளையை நீ திட்டிய இடத்தை வாசித்தேன். "எத்தன நாளாவாம்?" என்றாள். ரெண்டு வாரமாக என்றேன். அத்தான் போனதிலிருந்து சிரிக்காதவள் சிரித்தாள். "கிறுக்குப்பயலே, அவுக இங்க இருந்தாத்தானடா காக்கா வரும்? வயித்துப்பிள்ளக்காரி வரமுடியாதுன்னு அவுகளே பொறப்பட்டுப் போயிட்டாக."

ஓசூர் நமக்கு வடக்கேதான் இருக்கிறது. நான் எழுந்து வாசல் கதவைத் தாழ்போட்டேன். அப்புறம் யோசித்து, திறந்துவிட்டேன்.

மருதுபாண்டியிடம் நான் சொன்னதாக ஒரு நல்ல வார்த்தை சொல். திரும்பிக் கிடக்கும் கிண்ணத்தை நேராக்காதே. அடுத்த தடவை சுடும்போது முதலில் ஒன்றை எடுத்துச் சன்னலில் வை. காக்கை வந்தால் நல்லது. வராவிட்டால் சன்னலைச் சாத்திவிடு தாயி, ஆள் உள்ளேதான் இருக்கிறார்.