நாற்பத்திரண்டு தளங்களும் ஒரு சாவிக்காரரும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. தான் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பதை மட்டும் வெகுகாலம் உணராமலே இருந்தது. அந்தக் குறை எங்கள் அலுவலகக் கூட்ட அறையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நீங்கியது.

பூட்டிய கதவைத் திறந்து தருவது எங்கள் தொழில். சாவியைத் தொலைத்தவர்கள் அழைப்பார்கள். சாவிக்காரர் போய்த் திறப்பார். பத்தொன்பது ஆண்டுகளாக இந்தப் பழைய முறையில்தான் காலம் தள்ளினோம். முதலாளி என் அத்தான். தொலைபேசி எடுப்பது அக்கா. கட்டுரைப் பிரிவின் தலைவர் நான். பிரிவில் வேறு யாரும் இல்லை.

தேடுபொறியில் நாங்கள் ஒன்பதாம் பக்கத்தில் கிடந்தோம். முதல் பக்கத்துக்கு வர, ஊரார் தளங்களில் நம் கட்டுரைகள் வெளியாகி, அவற்றிலிருந்து நம் தளத்துக்கு லிங்க் வர வேண்டுமாம். எந்தத் தளங்களில்? முடிவு செய்ய ‘தரவரிசை நிபுணர்’ ஒருவர் நாற்பத்திரண்டு தளங்களின் பட்டியலோடு வந்தார்.

“முதல்ல முழங்கால் வலித் தளம். நல்ல செல்வாக்கு.”

“முழங்காலுக்கும் பூட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றாள் அக்கா.

“குனிஞ்சு சாவித் துவாரத்தைப் பாக்கும்போது வலிக்கும்ல மேடம்?”

அத்தான் குறித்துக்கொண்டார்.

“அடுத்தது கிளி வளர்ப்பு.”

“கூண்டுக்குப் பூட்டு இருக்கே!” என்றேன் நான். நிபுணர் எழுந்து என் கையைக் குலுக்கினார்.

சாவிக்காரர் அப்போது அறைக் கதவருகே மண்டியிட்டிருந்தார். “இந்தப் பூட்டு நாக்கு தேஞ்சிருக்குங்க. ஒருநாள் உள்ளேயே மாட்டிக்குவீங்க. பத்து நிமிஷம் குடுத்தா மாத்திடுவேன்.”

“கூட்டம் முடியட்டும்,” என்றார் அத்தான். கூட்டம் மூன்று வாரம் நடந்தது.

“நாலு தெருவுல வீட்டு வாசல்ல நம்ம நம்பரை ஒட்டினா என்ன?” என்று கேட்டார் சாவிக்காரர்.

“அதை யார் படிப்பாங்க?” என்றார் நிபுணர்.

“சாவி இல்லாம வெளிய நிக்கறவன்.”

நிபுணர் பரிவோடு சிரித்தார். “அவன் மனுஷன்ங்க. நாம எழுதறதைப் படிக்க வேண்டியது மெஷின்.”

மூன்றாம் வாரம் ஒரு சீர்திருத்தம் தேவைப்பட்டது. கட்டுரைப் பிரிவை விரிவாக்க ஒரு பணியிடம் காலியாக வேண்டும். இணையத்தில் ஒரு வரிகூட எழுதாத ஊழியர் யார்? சாவிக்காரர்தான். அவருக்குப் பூட்டு திறக்க மட்டுமே தெரியும்.

“இப்பதான் பொண்ணைக் காலேஜ்ல சேத்திருக்கார். அவர்கிட்ட இதை யார் சொல்றது?” என்றாள் அக்கா.

அத்தான் சுவரைப் பார்த்தார். “மாப்ளே, நீ சொல்லு. பக்கத்து மேசைதானே?”

“கட்டுரையாவே போட்டுடலாம் அத்தான். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.”

அன்றே கிளித் தளத்தில் வெளியானது: ‘ஒரு சாவிக்காரருக்கு விடைகொடுத்தல்: கிளி வளர்ப்போர் கற்க வேண்டிய ஐந்து பாடங்கள்’. நடையில் கண்ணியம் இருந்தது. மூன்று லிங்க்கும் இருந்தன.

சாவிக்காரர் மறுநாளும் வேலைக்கு வந்தார். “என்ன விசுவாசம்!” என்று அத்தான் நெகிழ்ந்தார்.

மாத முடிவில் முதல் பக்கத்தை எட்டினோம். வெற்றிக் கூட்டத்தில் நிபுணர் குரல் தழுதழுத்தது. “இன்னொரு அதிசயம் சார். நேத்து அந்தக் கிளிக் கட்டுரையை ஒரு மனுஷன் படிச்சிருக்கார். முழுசா. ரெண்டு தடவை.”

கைதட்டினோம். அக்கா தட்டவில்லை.

அத்தான் எழுந்து கதவின் கைப்பிடியைத் திருகினார். திறக்கவில்லை. எல்லோரும் தட்டினோம், வெளியே அரவமில்லை. நான் நிதானம் இழக்காமல் கைபேசியில் ‘கதவு மாட்டிக்கொண்டால்’ என்று தேடினேன். முதலிடத்தில் நாங்கள்! அந்த நேரத்திலும் அத்தானுக்குக் கண் பனித்தது. அதிலிருந்த எண்ணை அழைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம், அக்காவின் மேசையில் மணி அடித்தது.

“டேய், அதை எடுக்க வேண்டியவ இங்க நிக்கறேன்டா,” என்றாள் அக்கா.

ஆறாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

“வணக்கம். பூட்டு திறந்து தரப்படும்.”

“அண்ணே, நான்தான்! உள்ள மாட்டிக்கிட்டோம்!”

“நாக்கு தேஞ்சிருக்கும் தம்பி,” என்றார் சாவிக்காரர். “என் பையை எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். வீட்டுல கிளி ரெண்டு நாளா சாப்பிடல. ஏன்னு தேடினேன். என்னை வேலைய விட்டு நிறுத்திட்டீங்கன்னு வந்துச்சு.”

ஒன்றரை நிமிடத்தில் கதவு திறந்தது. தேய்ந்த நாக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நிபுணருக்கு ஆர்வம் அடங்கவில்லை.

“சார், கட்டுரை எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுங்க. மூணாவது பாடம், ‘சொல்லாமலே புரிஞ்சுக்கும்’னு இருந்துச்சே, அது மட்டும் கிளிக்குப் பொருந்தல.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கே வெளியிடுவது என்பதில் நாங்கள் காட்டிய அக்கறையை உலகம் மெச்சத்தான் வேண்டும். நாற்பத்திரண்டு இடங்களைச் சல்லடை போட்டு ஆராய்ந்தோம். என் மேசையிலிருந்து எட்டடி தூரத்தில் இருந்த அவர் காது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.