வெயில் பட்ட இடம்

ஈப்போவில் கறுப்பான தமிழர் ஒருவர்கூட இல்லை. அறிவியல் பட்டதாரி என்ற பொறுப்புடன் இதைச் சொல்கிறேன். இங்கே இருப்பவர்கள் இரண்டே வகை. வெள்ளையாக இருப்பவர்கள் ஒரு வகை. வெயில் பட்டதால் தற்காலிகமாக அப்படித் தெரியாதவர்கள் இன்னொரு வகை.

இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்தவர் எங்கள் 'அசல் ஒளி சரும ஆய்வு நிலைய'த்தின் நிர்வாக இயக்குநர் திரு. தனேஸ்வரன். அதற்கு முன் அவர் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தார். மேலே இருப்பது அழுக்கு, அடியில் இருப்பது தெளிவு என்ற தத்துவம் அங்கேயே அவருக்குக் கிட்டிவிட்டது.

எங்கள் முறை எளியது. மேல்கையின் உட்புறத்தில் வெயில் படுவதில்லை. அந்த உள்கையில் நிறமானி என்ற கருவியை வைத்தால் வரும் எண் 'அசல் நிறம்'. கன்னத்தில் வைத்தால் வருவது 'நடப்பு நிறம்'. பூஜ்யம் என்றால் கறுப்பு, நூறு என்றால் வெள்ளை. கருவிக்குத் தினமும் காலையில் ஒரு வெள்ளைப் பீங்கான் ஓட்டைக் காட்டி, இதுதான் சரி என்று சொல்லித் தர வேண்டும். பிறகுதான் மனிதர்களைக் காட்டலாம்.

இரண்டு எண்களையும் எழுதி, முத்திரை குத்தி, 'அசல் நிறச் சான்றிதழ்' வழங்குகிறோம். அதைக் கல்யாண பயோடேட்டாவில் ஜாதகத்துக்குப் பின்னால் இணைக்கிறார்கள். சான்றிதழில் 'வெயில் பட்ட இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விடக்கூடாது என்பது நிலைய விதி. 'பள்ளித் திடல்', 'மோட்டார் சைக்கிள்', 'லங்காவி கடற்கரை, மூன்று நாள்' என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அதிகம் எழுதியது, 'ரப்பர் தோட்டம், மூன்று தலைமுறை'.

வெயிலில் தோல் கறுப்பது தோல் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை என்று பல்கலைக்கழகத்தில் படித்தேன். நேர்காணலில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாததால் வேலை கிடைத்தது.

ஷர்மினியின் வழக்கு ஒரு சனிக்கிழமை காலையில் எங்களிடம் வந்தது. அவர் பத்து காஜா என்ற ஊரில் ஆசிரியை. பள்ளியின் பெண்கள் ஹாக்கி அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். மூன்று மாதத்தில் மதீசனோடு கல்யாணம். அதுவரை திடல் பக்கமே போகக்கூடாது என்பது மதீசனின் தாயார் புனிதவதி அம்மாவின் ஒரே நிபந்தனை. மாநில இறுதியாட்டமோ ஐந்து வாரத்தில் இருந்தது. மதீசன் ஒரு சமரசம் கண்டுபிடித்தார். நிலையம் என்ன எழுதுகிறதோ அதற்கு இரு தரப்பும் கட்டுப்படுவது. கண்டுபிடித்துவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

"மூனு மாசம்தானேம்மா கேக்குறேன்," என்றார் புனிதவதி அம்மா. "கல்யாண ஃபோட்டோ காலத்துக்கும் நிக்கும்லா."

"ஆண்டி, பதினாறு பிள்ளைங்க. வேற கோச் கெடையாது. நான் நின்னுட்டா போட்டியிலேருந்து டீமையே எடுத்துருவாங்க."

"குடை பிடிச்சிக்கிட்டு சொல்லித் தரக்கூடாதா?"

"ஒரு கையில குடை, ஒரு கையில ஸ்டிக்கா?"

"விசில் வாயிலதானே இருக்கும்," என்றார் தனேஸ்வரன், நடுநிலையோடு.

நான் கருவியை வைத்தேன். கன்னம் முப்பத்தேழு. உள்கை நாற்பத்தைந்து.

"எட்டா!" புனிதவதி அம்மா நெஞ்சில் கை வைத்தார். சர்க்கரை அளவைக் கேட்டவர்கள்கூட அப்படி அதிர்ந்து நான் பார்த்ததில்லை.

"பயப்படாதீங்க ஆண்டி. எட்டுன்னா மூனு மாசக் கூரை, வெளிய போகாம வீட்டுக்குள்ள. கூடவே நம்ம கோல்ட் பேக்கேஜ்," என்று தனேஸ்வரன் ஆறுதல் சொன்னார்.

நான் பேனாவை எடுத்தேன். "வெயில் பட்ட இடம்?"

"திடல்," என்றார் ஷர்மினி.

"அது மட்டும் இல்லலா," என்றார் புனிதவதி அம்மா. "அவங்க தோட்டத்து ஆளுங்க. மூனு தலைமுறை வெயிலு. அதையும் எழுதிக்கம்மா. நான் தப்பா சொல்லல. உழைச்ச ஒடம்பு, பாவம்."

ஷர்மினியின் அப்பா மகேந்திரன், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதுவரை மேசையில் இருந்த க்ரீம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தார்.

"தோட்டத்துல ஏதுங்க வெயிலு?"

"அண்ணே, நீங்க கோப்பெங் பக்கம் ரப்பர் பால் வெட்டுனவர்தானே?" என்றார் தனேஸ்வரன்.

"வெட்டுனேன். இருட்டோட போயி, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல பேர் குடுப்போம். பதினோரு மணிக்கெல்லாம் பால் எடுத்து முடிச்சிருவோம். மேல பூரா எல. அதுல வெயிலு எங்க எறங்கும்? கொசுதான் எறங்கும்."

"கொஞ்சங்கூடவா படல?"

"தோட்டத்த வித்துட்டு வீடு கட்டுனாங்க பாருங்க, அப்பதான் மொத மொத வெயிலப் பாத்தேன். அங்க இப்ப ஒரு மரம் கெடையாது."

எங்கள் கோப்பில் இருந்த சான்றிதழ்களில் பாதி அந்த நிமிடமே நிழலுக்குப் போய்விட்டன.

தனேஸ்வரன் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. சைன்ஸ் படிச்ச புள்ள."

நான் பொதுவாகப் பேசுவதில்லை. மூன்று பேருக்கு மேல் இருந்தால் தும்முவதற்கே யோசிப்பேன். "ஒப்பிட்டுப் பாக்கணும், சார்," என்றேன். "வெயிலே படாத ஒருத்தர் வேணும்."

"இதோ இருக்காரே!" புனிதவதி அம்மாவின் குரலில் மூன்று தலைமுறைப் பெருமை தெரிந்தது. அவர் கை காட்டிய திசையில், அவருடைய கணவர் விஸ்வலிங்கம் ஐயா நாளிதழுக்குப் பின்னால் இருந்தார். "முப்பத்துநாலு வருசம் அரசாங்க ஆபீசு. ஃபைலத் தவிர வேற எதையும் பாத்ததில்ல. இவர் அப்பா ஆபீசு, தாத்தாவும் ஆபீசு. எங்க குடும்பத்துல வெயில்ல நின்னவங்களே கெடையாது."

விஸ்வலிங்கம் ஐயா சட்டைக் கையை மடித்துக் காட்டினார். ஆய்வுக்குத் தன்னைத் தரும் பெருந்தன்மை அவர் முகத்தில் இருந்தது.

கன்னம் முப்பத்தொன்பது. உள்கை நாற்பத்தொன்று.

"எனக்கும் வச்சுப் பாரும்மா," என்றார் மகேந்திரன். "மிஷினு சும்மாதானே இருக்கு."

அவருக்குக் கன்னம் முப்பத்தெட்டு. உள்கை நாற்பத்தொன்று.

"அலாமாக்," என்றார் தனேஸ்வரன். கருவியை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினார். நான் அதற்கு மறுபடி அந்த வெள்ளைப் பீங்கானைக் காட்டினேன். அதைக் கருவி சரியாகவே அடையாளம் கண்டது. மறுபடி வைத்தேன். ரப்பர் தோட்டம் நாற்பத்தொன்று. அரசாங்க அலுவலகம் நாற்பத்தொன்று. மணமகளின் 'அசல்', வருங்கால மாமனாருடையதைவிட நான்கு புள்ளி அதிகம்.

"பெத்துல்லா, நெசந்தான், நாம ஒரே நம்பரு," என்று மகேந்திரன் கை நீட்டினார். விஸ்வலிங்கம் ஐயா கை குலுக்கினார். நிச்சயதார்த்தத்தில்கூட அவர்கள் கை குலுக்கவில்லையாம்.

புனிதவதி அம்மா கணவரை உற்றுப் பார்த்தார். புதிதாகப் பெண் பார்க்க வந்தவரைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"எனக்கு இவரப் பேசுறப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? படிக்கிற காலத்துல கிரிக்கெட் ஆடி கறுத்துட்டாரு, ஆபீசுல உக்காந்தா ரெண்டு வருசத்துல தெளிஞ்சிரும்னாங்க."

"நானும் காத்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றார் விஸ்வலிங்கம் ஐயா.

முதலில் ஷர்மினி சிரித்தார். பிறகு மகேந்திரன். கடைசியாக, அடக்கிப் பார்த்து முடியாமல், புனிதவதி அம்மா.

தனேஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை. மேதைகள் இப்படிப்பட்ட நேரத்தில் சிரிப்பதில்லை. அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டியூப்லைட்டு!" என்றார். "முப்பத்துநாலு வருசமா தலைக்கு மேல டியூப்லைட்டு. அதுவும் வெளிச்சம்தானே? எழுதும்மா. சாருக்கு டியூப்லைட்டு. பொண்ணுக்கு மூனு மாசக் கூரை."

ஷர்மினி என்னைப் பார்த்தார். அதில் கெஞ்சல் இல்லை. ஆட்டக்காரர்கள் நடுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு பரிந்துரைக் கட்டத்தில் எழுதினேன்.

'ஒப்பீட்டு நபர் 34 ஆண்டுகள் கூரையின் கீழ் வைக்கப்பட்டார். முன்னேற்றம் இல்லை. மணமகள் தொப்பியும் சன்ஸ்கிரீனும் அணிந்து திடலுக்குப் போகலாம்.'

விஸ்வலிங்கம் ஐயா அதை வாங்கி, அரசாங்கக் கடிதத்தைப் படிக்கும் தொனியில் உரக்கப் படித்தார். "சுருக்கமா இருக்கு. டிராஃப்ட் நல்ல டிராஃப்ட்," என்றார். தனக்கும் ஒரு பிரதி கேட்டார். புனிதவதி அம்மா கைப்பையை மூடினார்.

அணி இறுதியாட்டத்தில் ஒரு கோலில் தோற்றது. அதைப் பார்க்கக் குடையோடு வந்த புனிதவதி அம்மா, இரண்டாம் பாதியில் குடையை மடக்கி நடுவரை நோக்கி ஆட்டியதாகக் கேள்வி. கல்யாணம் சிறப்பாக நடந்தது. புகைப்படக்காரர் கணினியில் எல்லோரையும் ஒரே சீராக வெளுத்துக் கொடுத்தார். ஆல்பத்தில் விஸ்வலிங்கம் ஐயா ஒருவழியாகத் தெளிந்துவிட்டார்.

நிலையமும் வளர்ந்தது. 'டியூப்லைட் பாதுகாப்புத் திட்டம்' அலுவலக ஊழியர்களிடையே நல்ல வரவேற்பைப் பெற்றிருக்கிறது. அறிவியலுக்கு நான் ஆற்றிய பங்கைப் பாராட்டி தனேஸ்வரன் எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்தார்.

போன மாதம் புனிதவதி அம்மா மறுபடி வந்தார். கையில் துணியால் சுற்றிய ஒரு குழந்தை. பின்னால் பால் புட்டிப் பையோடு விஸ்வலிங்கம் ஐயா.

"பேத்தி," என்றார் புனிதவதி அம்மா. உடனே குரலைத் தாழ்த்தினார். "ஷர்மினி தூங்குறா. அவளுக்குத் தெரிய வேணாம்லா. பொம்பளப் புள்ள பாரு. இப்பவே ஒரு பேப்பர் எடுத்து வச்சிட்டா பின்னால ஒதவும்."

விஸ்வலிங்கம் ஐயா என்னைப் பார்த்தார். பிறகு மேலே டியூப்லைட்டைப் பார்த்தார்.

நான் கருவியை வைத்தேன். அது குளிர்ந்திருக்க வேண்டும். குழந்தை விழித்து, என் விரலைப் பிடித்துக்கொண்டது. உள்கையும் கன்னமும் ஒரே எண். அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை.

"வெயில் பட்ட இடம்?" என்று கேட்டேன். கட்டம் காலியாக இருக்கக்கூடாது.

"எங்க பட்டுச்சு? பொறந்து நாப்பத்தொரு நாளு. இன்னைக்கிதான் மொத தடவ வெளிய தூக்கிட்டு வாரேன். இந்த மனுசன் காரை எங்கியோ நிறுத்திட்டாரு. உங்க வாசல் வரைக்கும் ஒரே வெயிலு."

"வயித்துல இருந்தப்ப அம்மா திடல்ல நின்னுருப்பாங்க," என்றார் தனேஸ்வரன். "அதையே போடும்மா."

ஒரு கையை இன்னும் குழந்தை பிடித்திருந்தது. மறு கையால் எழுதினேன். எங்கள் சான்றிதழ்களிலேயே முழுக்க உண்மையானது அது ஒன்றுதான். முத்திரையையும் நானே குத்தினேன்.

'வெயில் பட்ட இடம்: அசல் ஒளி சரும ஆய்வு நிலையம், ஈப்போ.'