பின்சி கட்டிய கயிறு

கொழிஞ்சாம்பாறை,
மே 22

காந்தலூர்த் தோட்டத்தில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை குப்பண்ணன் அவர்களுக்கு, மச்சான் மோகனசுந்தரம் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா சரஸ்வதியும் நலம். அங்கு உங்கள் வீட்டாரும் பூண்டுச் செடிகளும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

நிற்க. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு அதிசயம் நடந்துவிட்டது. ஆராய்ச்சி மானியத்தைச் செலவழிக்க அனுமதி தருவதற்கு ஏன் இத்தனை நாளாகிறது என்று பார்க்க, பின்சி என்றொரு பெண்ணை அனுப்பினார்கள். வந்ததும் கம்ப்யூட்டரைத் திறக்கும்னு பார்த்தா, பையிலிருந்து தேங்காய்நார்க் கயித்தை எடுக்குதுங்க. ஒரே ஒரு பைலைப் பிடிச்சு, எந்த மேசையில எத்தனை நாள் கிடந்துதுன்னு தேதி பார்த்து, நாளுக்கு ஒரு முழம்னு சுவத்தோரமா கட்டிட்டே போச்சு. ஏனுங்க, நம்புவீங்களா, கயிறு ஹாலைச் சுத்தி, வராந்தாவைத் தாண்டி, பலாமரத்தைத் தொட்டுட்டுத் திரும்பி வந்துது. எழுபத்தாறு முழம். அதுல நெசமா வேலை நடந்த நேரத்துக்கு மட்டும் செவப்புச் சாயம் பூசுச்சு. நாலு விரக்கடை. முப்பது வருசமா அந்த நாலு விரக்கடையைத்தானுங்க நாங்க உத்தியோகம்னு சொல்லிட்டிருந்தோம்.

கயிறு வந்து நின்ன எடம் என் நாற்காலி. அங்க மட்டும் முப்பத்தொரு முழம் குமிஞ்சு கிடந்துது. பைல் நம்ம செல்வப்பிரியாவோடது, தென்னை வெள்ளை ஈ ஆராய்ச்சிக்கு மைக்ராஸ்கோப் கேட்டது. மகளுக்கு அப்பன் முந்தி ஒப்புப் போட்டான்னு பேச்சு வந்தறக் கூடாதுன்னு நாந்தான் அடியில வச்சேன். மழை விழுந்தா ஈயெல்லாம் கழுவிப் போயிரும், ஒரு வருச வேலை பாழ்னு அவ அழுதப்பகூட, ஆபீஸ் விசயத்தை ஊட்டுல பேசாதேன்ன மகராசன் நானு. கயித்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டேனுங்க.

பின்சி பக்கத்துல வந்து, "சாரே, சாரோட தப்பில்லை. இத்தனை மேசை போட்டா எந்தப் பைலும் உக்காரத்தான் செய்யும்"னுச்சு. பதினாலு ஒப்புல மூணே போதும், ரெண்டே நாள்ல முடிஞ்சிரும்னு எழுதியும் குடுத்துது. டைரக்டர் சரின்னுட்டாரு. அந்தப் பொண்ணைப் பார்த்தா எனக்குக் கும்பிடத் தோணுது மாப்ளே.

அக்காவுக்கு ரெண்டு கிலோ பூண்டு வேணுமாம். குழந்தைகளுக்கு என் ஆசிகள். மலைக்குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
மோகனசுந்தரம்

பி.கு.: வேண்டாம்னு எடுத்த பதினொரு மேசையில என் மேசையும் ஒண்ணு. புது முறைக்கான உத்தரவுல, பழைய முறைப்படி கடைசி ஒப்பு நான் போடணும். அப்புறந்தான் செல்வப்பிரியா பைல் நகரும். உத்தரவு என்கிட்ட வந்து ஒம்பது நாளாச்சு. நல்ல நாள் பார்த்துட்டிருந்தேன். இன்னைக்கு மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்தா உள்ள சோறு இல்லைங்க. ஒம்பது முழக் கயித்தைச் சுருட்டி வச்சிருக்கா உங்க அக்கா. வெறும் வயித்தோட ஒப்புப் போட்டுட்டேன்.