பொம்பிளை பார்க்கப் போன இடத்தில் கடவுச்சொல் மாற்றிய கதை

பெண் பார்க்கப் போகும் ஆண்களுக்கு நான் இலவசமாகச் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு. அந்த வீட்டில் ரோல்ஸ் தந்தால் சாப்பிடுங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். ஏதாவது கரைச்சல் என்று சொன்னால் "அப்பிடியோ" என்று தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருங்கள். திருத்தித் தருகிறேன் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். (நான் திறந்தனான். இண்டைக்கு வரைக்கும் அனுபவிக்கிறன்.)

அப்போது நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஒரு தனியார் கல்வி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பது என்றால் காலையில் திறப்பது, பின்னேரம் பூட்டுவது, இடையில் யாராவது "சேர், வேலை செய்யுதில்லை" என்றால் நிற்பாட்டி மறுபடி போடுவது. என் மாமாவின் வாயில் இதே வேலை வேறு மாதிரி வெளியே வரும். "தம்பிக்குக் கம்பஸடியிலை வேலை. லினக்ஸிலை ஆள் பெரிய விண்ணன்." விண்ணன் என்றால் கெட்டிக்காரன், லினக்ஸ் என்றால் விண்டோஸ் மாதிரிக் கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள். அது சாப்பிடும் சாமானா பூசும் சாமானா என்று மாமாவுக்குத் தெரியாது. நான் எப்போதோ பெருமைக்குச் சொன்ன சொல்லைப் பிடித்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அந்த மாமாதான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் என்னை எங்கள் ஊர் கரவெட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கோப்பாய்க்கு, தேவராஜா மாஸ்டர் வீட்டுக்குப் போனார். மாஸ்டர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இரண்டு குடும்பமும் மெதடிஸ்ற் ஆட்கள், ஆகவே சாதகக் குறிப்புப் பார்க்கும் வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக மாப்பிள்ளையை இருத்திவைத்துக் கதை கேட்பார்கள். கிரகம் பிழைத்தால் பரிகாரம் செய்யலாம். நான் கதைத்துப் பிழைத்தால் என்ன பரிகாரம் செய்வது?

மகள் நிரோஷினி கணித ரீச்சர். கட்லட் தட்டோடு வந்தவ, கீழே குனிந்து நிற்காமல் நேரே என்னைப் பார்த்து, "தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ?" என்று கேட்டா. காணும், அதாவது போதும் என்றேன். உண்மையில் சீனியே போட்டிருக்கவில்லை. சோதித்துப் பார்த்திருக்கிறா என்று பிறகுதான் விளங்கியது. எனக்கு அந்த நிமிடமே ஆளைப் பிடித்துவிட்டது. எப்படியாவது இந்தச் சம்பந்தம் சரிவர வேண்டும், அதற்கு என் திறமையைக் காட்ட வேண்டும் என்று ஒரு அவதி வந்து பிடித்துக்கொண்டது.

மாஸ்டரே வழி விட்டார்.

"தம்பி லினக்ஸ் தெரிஞ்ச ஆள் எண்டபடியால் கேக்கிறன். மகன் நோர்வேக்குப் போகமுதல் உந்தக் கம்ப்யூட்டருக்கு அதைப் போட்டு விட்டிட்டுப் போனவன். வைரஸ் வராதாம். வரேல்லைத்தான். ஆனால் நான் என்ன மாத்தப் போனாலும் ஒரு பெட்டி வந்து மறிச்சுக்கொண்டு நிக்குது. நீ ஆர், பாஸ்வேர்ட் என்ன எண்டு. என்ரை வீடு, என்ரை கம்ப்யூட்டர். என்னைப் பாத்தே ஆர் எண்டு கேக்கிறது?"

அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். லினக்ஸில் அதற்கென்று ஒரு உதவி நிரல் இருக்கிறது. கந்தோர் வாசலில் நிற்கும் பியோன் மாதிரி. சாதாரண ஆட்கள் பெரியவரின் அறைக்குள் நேரே போக முடியாது. பியோன் கடவுச்சொல்லைக் கேட்பார், சரியென்றால் தானே உள்ளே போய் அலுவலை முடித்துத் தருவார். கணக்கின் பெயரையோ கடவுச்சொல்லையோ மாற்றுவதென்றாலும் அவர் கையால்தான். அவர் இல்லாவிட்டால் போறவன் வாறவன் எல்லாம் உள்ளே புகுந்துவிடுவான். இவ்வளவையும் சொல்லிவிட்டு இன்னொரு கட்லட்டை எடுத்துக் கடித்திருந்தால் எல்லாம் சுபம்.

"பாஸ்வேர்ட் நீளமோ அங்கிள்?" என்று கேட்டேன்.

"நீளமோ? நூற்றிப்பத்தொன்பதாம் சங்கீதம் மாதிரிக் கிடக்கு."

"அதைச் சின்னதாக்கித் தாறன். ரெண்டு நிமிச வேலை."

"நான் சொன்னன்தானே!" என்றார் மாமா, தானே மாற்றப்போவது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மாஸ்டர் கதிரையில் இருந்து பழைய கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். நான் நாகரிகமாகச் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன். பெட்டி திறந்தது. "பொறும், நல்ல வசனமொண்டு ஞாபகம் வந்திட்டுது" என்று அவர் நடுவில் ஒரு கோப்பைத் திறந்து தமிழில் ஏதோ தட்டிச் சேமித்தார். மறுநாள் ஞாயிறு ஆராதனைக்கான பிரசங்கம். போதகர் கொழும்புக்குப் போயிருந்ததால் மாஸ்டரைப் பிரசங்கிக்கச் சொல்லியிருந்தார்கள். கிழமைக்கணக்காக இருந்து எழுதியதாம். அச்செடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று அன்ரி, அதாவது மாஸ்டரின் மனைவி, பெருமையாகச் சொன்னா.

பிறகு அந்தக் கதிரையில் நான் இருந்தேன். புதுக் கடவுச்சொல்லை அடித்தேன். திரையில் வெறும் புள்ளிகள். மறுபடி அடித்தேன். மறுபடி புள்ளிகள். வழக்கமாகச் சின்னச் சொல் போட்டால் "இது பலவீனமானது" என்று முறைக்கும் அந்தப் பெட்டி அன்றைக்கு வாயே திறக்காமல் ஏற்றுக்கொண்டது. அப்போதாவது எனக்கு யோசனை வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. மாஸ்டர் இரண்டு கடவுச்சொல்லை ஏன் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பெரியவர், அதாவது நிர்வாகியின் கணக்குக்கும் அதையே போட்டேன். அதோடு விட்டேனா? "இப்ப பாருங்கோ" என்று கம்ப்யூட்டரை நிற்பாட்டி மறுபடி போட்டேன்.

கடவுச்சொல் பிழை என்றது.

"கை வழுக்கிட்டுது" என்று சிரித்தேன். மறுபடி அடித்தேன். பிழை. மூன்றாம் தரம் ஒற்றை விரலால், பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி அடித்தேன். பிழை என்றது மட்டுமில்லை, மூன்று தரம் பிழைத்ததால் கொஞ்ச நேரத்துக்கு யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று கதவையும் சாத்திக்கொண்டது.

பேசாமல் காத்திருந்தால் அந்தப் பூட்டுத் தானாக விலகும். ஆனால் எங்கடை சனம் பேசாமல் காத்திருக்குமா? பூட்டு விலகுகிற நேரம் பார்த்து மாமா, "நீ மெல்லமா அமத்திறாய், இஞ்சை விடு" என்று வந்து இடித்தார். திரும்பப் பூட்டியது. பிறகு அன்ரி வந்து தன்னுடைய கைத்தொலைபேசியின் இரகசிய இலக்கத்தை அடித்துப் பார்த்தா. ("ஒருவேளை திறந்தாலும் எண்டு பாத்தன் தம்பி.") திரும்பப் பூட்டியது. எனக்கு வந்த விசருக்கு விசைப்பலகையைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டிருப்பேன். வந்த வீடாகப் போய்விட்டது.

"தம்பி," என்றார் மாஸ்டர். குரல் வகுப்பறைக் குரலாக மாறியிருந்தது. "என்ன சொல்லை அடிச்சனீர்?"

நான் திரும்பவும் கலண்டரைப் பார்த்தேன்.

"சொல்லும். எல்லாரும் சேந்து பாப்பம்."

"அது வந்து... அங்கிளுக்கு லேசா ஞாபகம் இருக்கட்டும் எண்டு..."

"என்ன சொல்?"

"நிரோஷினி," என்றேன்.

பார்த்து ஒரு மணித்தியாலம் ஆகாத பெண்ணின் பெயரை, அவளுடைய தகப்பனின் கம்ப்யூட்டருக்கு, அதுவும் இரண்டு கணக்குக்கும் வைத்திருக்கிறேன். மாமா தன் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார். அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினா. மாஸ்டரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நிரோஷினி மட்டும் கணக்குப் பார்ப்பது போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றா. "அப்பா தமிழிலை அடிச்சுப்போட்டெல்லோ எழும்பினவர்? நீங்கள் இருக்கேக்கை விசைப்பலகையை இங்கிலிசுக்கு மாத்தினீங்களோ?"

நான் மாற்றவில்லை. ஆங்கிலத்தில் அடிப்பதாக நினைத்து, புள்ளிகளுக்குப் பின்னால் வாயில் நுழையாத தமிழ் எழுத்துக் குவியல் ஒன்றைக் கடவுச்சொல்லாக வைத்திருக்கிறேன். தமிழை மாஸ்டர் தன்னுடைய கணக்குக்குள்ளேதான் பொருத்தியிருந்தார். கடவுச்சொல் கேட்கும் வாசல் திரைக்கு ஆங்கிலம் தவிர எதுவும் தெரியாது. உள்ளே போனால்தான் தமிழ் வரும், தமிழ் வந்தால்தான் உள்ளே போகலாம். பூட்டுக்குரிய திறப்பு எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, போடுவதற்கு ஓட்டை இல்லை.

நோர்வே மகனுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணை, நிர்வாகியின்ரை பாஸ்வேர்ட் இருக்கும்தானே?" அதையும் மாற்றிவிட்டேன் என்றேன். "அண்ணை, நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்று கேட்டான். பிறகு, திறக்க வழியிருக்கு, ஆனால் தான் திங்கள் வரைக்கும் வேலையில், ஆறுதலாக நிரோவுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அதுவரைக்கும் அந்த அண்ணையைக் கிட்ட விடவேண்டாம் என்றான். தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாரும் கேட்டார்கள்.

திரும்பி வரும் வழி முழுக்க மாமா திட்டினார். "ரெண்டு நிமிச வேலையாம்! வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதோ உனக்கு?"

"விண்ணன் எண்டு ஆர் சொன்னது?"

"அது சம்பந்தம் பேசேக்கை சொல்லுறது. அதை நீ நம்புறதே?" வழியில் வரும் வல்லைவெளிக் காற்றில் பாதித் திட்டுப் பறந்துபோயும் மிச்சம் எனக்குக் காணும் காணும் என்று இருந்தது. கடைசியில், "நாளைக்கு அந்தச் சேர்ச்சுக்குப் போ. போகாட்டில் இதை மறந்திடு" என்றார்.

போனேன். கடைசி வரிசை வாங்கில், ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தேன். மாஸ்டர் வெறுங்கையோடு பிரசங்க மேடையில் ஏறினார்.

"நான் கிழமைக்கணக்கா எழுதின பிரசங்கம் கம்ப்யூட்டருக்குள்ளை கிடக்கு. நேற்று ஒரு தம்பி எனக்கு உதவி செய்ய வந்தவர்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டு, தூணின் ஓரத்தால் என்னைக் கண்டுபிடித்தார். சேர்ச் முழுக்கத் திரும்பியது. "அதிலை நான் எழுதினது மன்னிப்பைப் பற்றி. மன்னிக்க வேணும் எண்டு எழுதேக்கை எனக்கு லேசாத்தான் இருந்தது. நேற்றுப் பின்னேரத்திலை இருந்து சரியான கஷ்டமாக் கிடக்கு."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் காது இரண்டும் எரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் தாளில்லாமல், தடுமாறித் தடுமாறி, தனக்கு யாரை மன்னிக்க முடியாமல் போனது, தன்னை யார் மன்னித்தது என்று சொல்லத் தொடங்கினார். முன் வாங்கில் அன்ரி கண்ணைத் துடைத்தா. அந்த மனுசனை இப்படி நிற்கவைத்துவிட்டேனே என்று தூணுக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கினேன்.

ஆராதனை முடிந்து நான் நழுவப் பார்க்க, வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை வீட்டை வாரும். மகன் சொல்லுவான், நிரோ செய்வா. நீர் பக்கத்திலை இருந்து பாக்கலாம். தொடக்கூடாது."

செவ்வாய்க்கிழமை நான் பார்த்தேன், தொடவில்லை. அடுத்த வருடம் அதே சேர்ச்சில் எங்களுக்குக் கல்யாணம்.

இப்போது எங்கள் வீட்டிலும் லினக்ஸ்தான். நிர்வாகி நிரோ. நான் சாதாரண ஆள். எழுத்துரு ஒன்றைப் போடுவதென்றாலும், என் பெயரிலுள்ள கணக்கையே திருத்துவதென்றாலும், அந்தப் பெட்டி வந்து மறித்துக்கொண்டு நிற்கும். கடவுச்சொல் எனக்குத் தெரியாது. கேட்டும் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன், பிள்ளைகள் மூலம் தூதும் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

"இஞ்சரும், ஒருக்கா வாரும்!" என்று கூப்பிடுவேன். அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வருவா. மாமனார் வந்திருந்தால் சாய்மனைக் கதிரையில் இருந்து, "விண்ணன் கூப்பிடுறார், போ பிள்ளை" என்பார். அவ விசைப்பலகையில் கை வைக்கமுதல் என்னைப் பார்த்து ஒரே ஒரு வசனம்தான் சொல்லுவா.

"அங்காலை திரும்புங்கோ."

நானும் திரும்புவேன்.